உழைப்போரும் ஊர்ப்பயணமும்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில், தேன்கனிக்கோட்டை வட்டத்தில், தளி என்னும் ஊரின் பக்கத்தே அமைந்துள்ளது ஜவளகிரி. இது காடு சூழ்ந்த எல்லையோரச் சிற்றூர். கேழ்வரகு இப்பகுதியின் முதன்மையான விளைபொருள்களுள் ஒன்று. கதிர் முற்றும் பருவத்தில், கர்நாடக மாநிலத்துப் பன்னர்கட்டாக் காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் இப்பக்கம் வருவது ஆண்டுதோறும் நிகழும் வழக்கம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் இப்பகுதியில் அடுத்தடுத்த வீடுகளில் வழங்குகின்றன. யானைக்கும் மொழிக்கும் மாநில எல்லை ஒரு பொருட்டன்று. ஆனால், பிழைப்புக்காகப் பேருந்தில் ஏறிச் செல்லும் தொழிலாளிக்கு அஃது அத்துணை எளிதில் கடக்கக்கூடியதாக இல்லை.

ஓசூர் இப்பகுதியின் பெருநகரம். 1971ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பட்ட சிப்காட் நிறுவனம் அங்கே தொழிற்பேட்டை அமைத்தது. அதன்பின் சரக்கு வண்டிகள், இருசக்கர வண்டிகள், கைக்கடிகாரங்கள் முதலியவற்றைச் செய்யும் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. ஓசூருக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் பெங்களூரு மாநகரம் உள்ளது. ஆகவே, இவ்வட்டாரத்தில் இருவகை மக்கள் ஓட்டத்தைக் காணலாம். சிற்றூர்களில் வாழ்வோர் ஓசூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குச் செல்கின்றனர். பீகார், ஒடிசா, சார்க்கண்டு, அசாம் முதலிய மாநிலத்தார் வேலை தேடி இங்கே வருகின்றனர். ஒருவர் செல்வோர், மற்றவர் வருவோர். இருவர்க்கும் வேண்டுவன மூன்று. உழைப்புக்கு ஏற்ற கூலி ஒன்று. வேற்றூரார் என்று இகழப்படாத நீதி மற்றொன்று. கைப்பொருளுக்கு அடங்கிய பயணம் பிறிதொன்று.

இம்மூன்றும் வெவ்வேறு செய்திகள்போலத் தோன்றினும், ஒன்றோடொன்று பிணைந்தவை. எடுத்துக்காட்டாக, நாளொன்றுக்கு 400 ரூபாய் கூலி பெறும் பெண்ணொருத்தி, பேருந்தில் போகவர 60 ரூபாய் கொடுப்பதாகக் கொள்க. மாதத்தில் 26 நாள் அவள் வேலைக்குச் சென்றால் பயணச் செலவு 1560 ரூபாயாகும். ஏறக்குறைய நான்கு நாள் உழைப்பு, வேலைக்குச் சென்றடைவதற்கே செலவாகிவிடுகிறது. காலைப் பேருந்து வாராதொழியின், ஒருநாள் கூலியே போய்விடும். மாலைப் பேருந்து தவறினால், காட்டோரப் பாதையில் இருளில் நடக்க நேரிடும். ஆதலின், பேருந்தைப் பற்றிய பேச்சும் கூலியைப் பற்றிய பேச்சேயாகும்.

தொழிலாளர் உரிமை என்பது தானே வந்த பேறன்று. சென்னைப் பெரம்பூரில் பக்கிங்காம் கருநாடக ஆலைகள் என்னும் நூலாலைகள் இருந்தன. அங்கு உழைத்தவர்களின் குறைகளுள் ஒன்று, நண்பகல் உணவுக்கு விடப்பட்ட நேரம் போதாமை. உண்பதற்குச் சிறிது நேரம் கூடுதலாகக் கேட்டவர்கள் காலப்போக்கில் ஒன்றுகூடினர். 1918ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியா அதன் தலைவராகவும், தமிழ்த்தென்றல் திரு.வி.கலியாணசுந்தரனார் துணைத் தலைவர்களுள் ஒருவராகவும் பணியாற்றினர். 1920இல் எழுந்த பூசலின்போது ஆலையார் சங்கத் தலைவர்கள்மீது உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். சங்கம் கூடுவதற்கே சட்டத்தின் காப்பு இல்லை என்பது அவ்வழக்கால் நாடறிய வெளிப்பட்டது. அக்குறையை நீக்கச் சட்டம் வேண்டுமென்று நாடெங்கும் குரல் எழுந்தது; 1926இல் தொழிற்சங்கச் சட்டம் இயற்றப்பட்டது. உணவு வேளையைப் பற்றிய ஒரு சிறு முறையீடு நாட்டுச் சட்டமாக வளர்ந்த வரலாறு இது.

சட்டம் ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது. அதை நாட்டில் நடக்கச் செய்வாரும் வேண்டும். 1948இல் குறைந்த அளவுக் கூலிச் சட்டம் வந்தது. 1982ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டுப் போட்டிக்காகத் தில்லியில் பெரிய கட்டடங்கள் எழுந்தபோது, அவற்றைக் கட்டிய தொழிலாளர் பலர் அச்சட்டம் வகுத்த கூலியைப் பெறவில்லை. மக்கள் உரிமை அமைப்பொன்று நிலையை நேரில் ஆராய்ந்து, உச்சநீதிமன்ற நீதிபதி பகவதிக்கு ஒரு கடிதம் எழுதியது. நீதிமன்றம் அக்கடிதத்தையே முறையீடாக ஏற்றுக்கொண்டது. வறுமையால் வேறு வழியின்றி ஒருவன் குறைந்த அளவுக் கூலிக்கும் குறைவாக உழைத்தால், அதுவும் அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு விலக்கிய கட்டாய உழைப்பேயாகும் என்று தீர்ப்பளித்தது. எழுதத் தெரிந்தோர் எழுத்தறியாதார்க்குச் செய்யத்தக்க உதவி எத்துணைப் பெரிது என்பதற்கு இஃது ஒரு சான்று.

அண்மைக் காலத்து நிகழ்ச்சி ஒன்று ஓசூர்ச் சாலையிலேயே நடந்தது. பெங்களூரின் ஆயத்த ஆடை ஆலைகளில் வேலை செய்வோருள் மிகப் பெரும்பாலோர் பெண்கள். மாதந்தோறும் அவர்கள் ஊதியத்தில் ஒரு பகுதியும் ஆலையார் தரும் பங்கும் வருங்கால வைப்பு நிதியில் சேர்கின்றன. வேலையை விட்டு நீங்கும்போது அத்தொகையைப் பெற்று, பிள்ளையின் படிப்புக்கோ மகளின் திருமணத்துக்கோ கடன் தீர்ப்பதற்கோ பயன்படுத்துவர். 2016 பிப்ரவரியில் நடுவணரசு ஒரு புதிய விதியை அறிவித்தது. ஆலையார் தரும் பங்கை 58 வயது வரையில் பெற இயலாது என்பது அதன் பொருள். ஆடை ஆலையில் அவ்வயது வரை தையற்பொறியின்முன் அமர்ந்திருப்போர் மிகச் சிலரே. ஆதலின், இவ்விதி தம் சேமிப்பைத் தம்மிடமிருந்து பிரிப்பதாக அப்பெண்கள் உணர்ந்தனர்.

2016 ஏப்ரல் 18ஆம் நாள் ஆயிரக்கணக்கான பெண்கள் ஆலைகளை விட்டு வெளியேறி ஓசூர்ச் சாலையில் அமர்ந்தனர். அவர்களை அழைத்து வந்த பெருந்தலைவர் ஒருவரும் இலர். மறுநாள் நகரின் பிற பகுதிகளுக்கும் கிளர்ச்சி பரவியது. அன்றே நடுவணரசு அவ்விதியைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. எனினும், அக்கிளர்ச்சியினிடையே கல்லெறிதலும் நிகழ்ந்தது, பேருந்துகளும் தீக்கிரையாயின. இது வருந்தத்தக்கது. பேருந்து ஏழையின் ஊர்தி. அதனை எரிப்பதால் மறுநாள் நடந்து செல்ல வேண்டியவரும் ஏழையே. நியாயமான கோரிக்கைக்கும் வழுவாத வழி வேண்டும் என்பதை அந்நாள் உணர்த்துகிறது.

இனி, வேற்று மாநிலத்திலிருந்து வருவோர் நிலையைக் காண்போம். பிழைப்புக்காகப் பிறந்த மண்ணை நீங்குதல் தமிழர்க்குப் புதிதன்று. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர் பலர் கடல் கடந்து சென்றனர். ஒப்பந்தம் முடிந்தபின்னும் அங்கேயே உரிமையோடு வாழ விரும்பியவர்மீது ஆண்டுக்கு மூன்று பவுன் தலைவரி விதிக்கப்பட்டது. 1913இல் அவ்வரியை எதிர்த்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். அவர்களிடம் சென்று உண்மையை எடுத்துரைத்தவர்கள் தமிழ்ப் பெண்கள். அண்ணல் காந்தியடிகள் தலைமையில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் எல்லையைக் கடந்து நடந்தனர். அப்போராட்டத்தில் சிறைசென்ற தில்லையாடி வள்ளியம்மை நோயுற்று, 1914 பிப்ரவரி 22ஆம் நாள் தம் பதினாறாம் வயதில் உயிர்நீத்தார். அவ்வாண்டிலேயே தலைவரி நீக்கப்பட்டது. அன்று அயல்நாட்டில் நீதி கேட்டவர் தமிழர். இன்று ஓசூர் ஆலையிலும் கட்டட வேலையிலும் நிற்கும் ஒடிசா இளைஞன் கேட்பதும் அதே நீதியே. விருந்தோம்பலுக்கென்று தனி அதிகாரம் வகுத்த வள்ளுவரைப் போற்றும் நாடு, அவன் குரலுக்குச் செவிசாய்த்தல் வேண்டும்.

இத்தகையோர் நலங்கருதி 1979ஆம் ஆண்டில் மாநிலங்களுக்கிடையே இடம்பெயரும் தொழிலாளர் சட்டம் இயற்றப்பட்டது. ஊரிலிருந்து வேலையிடத்திற்கு வந்து மீளும் பயணக் கட்டணத்தையும், பயண நாள்களுக்குரிய கூலியையும் ஒப்பந்தக்காரரே தரவேண்டும் என்று அது கூறியது. ஆயினும், ஒப்பந்தக்காரர் வழியாகச் சேர்க்கப்பட்டவர்க்கே அது பயன்பட்டது. தாமாக வந்தவர் அதன் காப்பிற்கு வெளியே நின்றனர். அதற்கு மாற்றாக 2020இல் இயற்றப்பட்ட தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. தாமாக வந்து வேலையில் அமர்ந்தவரையும் இது தன்னுள் அடக்கியது. சொந்த ஊர் சென்று மீள ஆண்டுக்கு ஒருமுறை பயணத் தொகை தருதலையும் விதித்தது. ஆனால், பத்துப் பேரும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்களுக்கே இப்பகுதி பொருந்தும். பழைய சட்டத்தில் இவ்வெண் ஐந்தாக இருந்தது. ஆகவே, ஒருபுறம் விரிந்த காப்பு மற்றொருபுறம் சுருங்கியது எனலாம்.

இடம்பெயர்ந்தார்க்குப் பயணம் எத்துணை இன்றியமையாதது என்பதை 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்று காட்டியது. மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு விதிக்கப்பட்டது. ஆலைகள் மூடப்பட்டன, பேருந்துகளும் தொடர்வண்டிகளும் நின்றன. கூலியும் இன்றி, ஊர்தியும் இன்றி, குழந்தைகளைத் தோளிற் சுமந்து பன்னூறு கிலோமீட்டர் நடந்தவர் எண்ணிறந்தோர். மே முதல் நாளில்தான் தொழிலாளர்க்கெனத் தனித் தொடர்வண்டிகள் ஓடத் தொடங்கின. மே 28ஆம் நாள் உச்சநீதிமன்றம், ஊர் திரும்பும் தொழிலாளரிடம் தொடர்வண்டிக்கோ பேருந்துக்கோ கட்டணம் பெறலாகாது என்று ஆணையிட்டது.

வந்தோர்க்கு மற்றொரு துன்பம் பொய்ச் செய்தியால் நேர்வது. 2023 மார்ச்சில், வடமாநிலத் தொழிலாளர் தமிழ்நாட்டில் தாக்கப்படுகின்றனர் என்று பொய்யான படங்கள் கைப்பேசி வழியே பரவின. பலர் அஞ்சினர். பீகார் அரசு அனுப்பிய அலுவலர் குழு தமிழ்நாட்டிற்கு வந்து தொழிலாளரை நேரிற் கண்டு பேசியது. அச்செய்திகள் பொய்யென்பது தெளிவாயிற்று. அச்சத்தை நீக்கியது ஒருவரோடொருவர் நேரிற் பேசிய பேச்சே. ஒரே ஊரில் வாழ்ந்தும் ஒருவர் மொழியை ஒருவர் அறியாதிருந்தால், பொய் எளிதில் இடையே புகுந்துவிடும்.

பேருந்தே உரிமைப் போராட்டத்தின் களமாக அமைந்த வரலாறும் உண்டு. அமெரிக்க நாட்டு மான்ட்கோமரி நகரில், 1955 டிசம்பர் முதல் நாள், தையல் தொழிலாளியான ரோசா பார்க்ஸ் என்னும் கறுப்பினப் பெண்மணி, பேருந்தில் வெள்ளையர்க்காகத் தம் இருக்கையை விட்டெழ மறுத்தார்; கைது செய்யப்பட்டார். அந்நகரத்துக் கறுப்பின மக்கள் 381 நாள் பேருந்தில் ஏறாது, நடந்தும், பிறர் வண்டிகளில் இணைந்து சென்றும் வேலைக்குப் போயினர். அவர்கள் ஒரு பேருந்தையும் எரிக்கவில்லை, ஏறாதிருந்தே வென்றனர். இருக்கை வேற்றுமை சட்டத்திற்கு மாறானது என்று நீதிமன்றம் முடிவு செய்தது.

தென்னாட்டிலும் பேருந்துக் கட்டணம் மக்கள் கோரிக்கையாக எழுந்துள்ளது. பெங்களூரில் பேருந்துப் பயணிகள் அமைப்பொன்று, கட்டணத்தைக் குறைக்கவும் பேருந்துகளை மிகுவிக்கவும் வேண்டிப் பாடுபட்டது. தமிழ்நாட்டில் 2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிச் செல்லும் திட்டம் தொடங்கியது. கர்நாடகத்தில் 2023 ஜூன் 11ஆம் நாள் இத்தகைய திட்டம் தொடங்கப்பட்டது; ஆனால் அஃது அம்மாநிலத்து மகளிர்க்கென வகுக்கப்பட்டது. இவ்விரண்டாலும் பல்லாயிரம் குடும்பங்கள் பயன்பெற்றன. எனினும், ஜவளகிரிப் பக்கத்துப் பெண்ணொருத்தி எல்லை கடந்து வேலைக்குச் சென்றால், அவள் வழி முழுவதற்கும் இத்திட்டங்கள் துணைவந்தன என்று கூறுவதற்கில்லை. மேலும், கட்டணம் இல்லாத பேருந்தாயினும், உரிய வேளையில் வந்தாலன்றோ பயன்? விடியுமுன் ஆலைக்குச் செல்வார்க்கும், நள்ளிரவில் வேலை முடித்து மீள்வார்க்கும் வேண்டுவது வேளை தவறாத வண்டி.

இத்தகைய குறைகள் எவ்வாறு நீங்கும்? மேற்கண்ட நிகழ்ச்சிகளே விடை கூறுகின்றன. முதலில், குறையை எழுதி வைத்தல் வேண்டும். எந்த நாளில் பேருந்து வரவில்லை, எத்தனை நாள் கூலி குறைந்தது என்று கணக்கிருந்தால் முறையீடு வலிவு பெறும். அடுத்து, ஒரே குறையுடையோர் மொழி வேற்றுமை பாராது ஒன்றுகூட வேண்டும். பின்னர், ஊராட்சி மன்றத்திலும், மாவட்ட ஆட்சியர் நடத்தும் குறைதீர்க்கும் நாளிலும், தொழிலாளர் துறை அலுவலகத்திலும் அமைதியாக முறையிட வேண்டும். அங்கும் தீராதபோது நீதிமன்றம் உண்டு. இவ்வழி நெடியது, பொறுமையை வேண்டுவது. ஆயினும் பெரம்பூர்த் தொழிலாளர் முறையீடு சட்டமாக உருப்பெற எட்டாண்டுகள் சென்றன என்பதை நினைவிற் கொள்ளல் தகும்.

மாணவர் இதில் செய்யத்தக்கது யாதென வினவலாம். எல்லையோர ஊர்களில் பள்ளி மாணவர் பலர் இரண்டு மூன்று மொழிகளைப் பேசவல்லவர். வேற்று மாநிலத்தார்க்கு ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பதும், பேருந்தின் பெயர்ப்பலகையைப் படித்துச் சொல்வதும், தம் வகுப்பிற் சேர்ந்த அவர்தம் பிள்ளையை அருகிருத்திக் கொள்வதும் அவர்களால் இயலும். இவை சிறியனவாகத் தோன்றினும் நீதியின் தொடக்கம் இவையே. விடியற்பேருந்தில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் இந்தியும் பேசுவோர் அருகருகே அமர்ந்து செல்கின்றனர். அவர்கள் அனைவரும் செல்வது ஒரே வேலைக்களத்தை நோக்கியே. அவருள் ஒருவர் கூலி குறையின், அக்குறை மற்றவரையும் வந்து சேரும்; ஒருவர் உரிமை காக்கப்படின், அதன் பயன் அனைவரையும் அடையும்.