காயா, பூவை, அதஸீ: ஒரு சொல்லாராய்ச்சி

எம்பெருமான் திருமேனி நிறத்துக்கு ஆழ்வார்கள் ஒப்பாக எடுத்தவற்றுள் கடலும் முகிலும் எல்லாரும் கண்டவை. காயாம்பூ அத்தகையதன்று. பாசுரங்களை நாள்தோறும் அநுஸந்திப்பவர்களிலும் அம்மலரை நேரில் கண்டவர் சிலரே. ஆதலால் அதன் பெயரைப் பற்றிச் சில மயக்கங்கள் நிலவுகின்றன.

‘காயா’ என்பதற்குக் ‘காய்க்காதது’ என்று பொருள் கூறுவாருண்டு. எதிர்மறைச் சொல்லாகக் கொள்ள இலக்கணத்தில் தடையில்லை; மரந்தான் தடையாக நிற்கிறது. புதர்க்காடுகளில் வளரும் இக்குறுமரத்தின் கிளைகளை ஒட்டி நீலப்பூக்கள் கொத்துக்கொத்தாக மலர்கின்றன. பின்னர் சிறு உருண்டைக் காய்கள் தோன்றிக் கருநிறமாகக் கனிகின்றன. காய்ப்பதைக் காயாதது என்பது பொருந்தாது. பெயரின் ஓசையைக் கேட்டுப் பிற்காலத்தார் புனைந்த காரணமாகவே இதைக் கொள்ளத் தோன்றுகிறது.

‘பூவை’ என்பது இதன் மறுபெயர். நாகணவாய்ப்புள்ளுக்கும் அப்பெயர் உண்டாதலால், திருப்பாவை 23ஆம் பாசுரத்தில் ‘பூ’ என்னும் சொல்லும் உடன்சேர்ந்து வருவது மிகையன்று. தொல்காப்பியம் புறத்திணையியலில் ‘பூவைநிலை’ என்னும் துறையை மாயோனோடு சேர்த்தே கூறுகிறது. இம்மலருக்கும் திருமாலுக்கும் உள்ள தொடர்பு ஆழ்வார்களுக்கு முன்பே தமிழில் வேரூன்றியது என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டா.

காயாவும் பூவையும் வெவ்வேறு மலர்களோ என்னும் ஐயத்துக்கு இடம் தருவது நாச்சியார் திருமொழி. திருமாலிருஞ்சோலையைப் பற்றிய ஒன்பதாம் பதிகத்தின் மூன்றாம் பாசுரத்தில் ஆண்டாள் காயாமலர்களை விளிக்கிறாள். அடுத்ததில் பூவைமலர்களை விளிக்கிறாள். ஒன்றேயாயின் பெயரை மாற்றுவானேன்? இங்கே உடன்வரும் கருவிளையைக் கவனிக்க வேண்டும். மூன்றாம் பாசுரத்தில் கருவிளையும் காயாவும் இணைந்து திருமாலின் வடிவைக் காட்டி நிற்கின்றன. நான்காம் பாசுரத்தில் அவன் நிறத்தைக் கொண்டு தன்னை வருத்துவனவாக அவள் சொல்லும் ஐந்தனுள்ளும் கருவிளை மீண்டும் வருகிறது; காயா இருந்த இடத்தில் பூவை நிற்கிறது. முன்னர் வழிகேட்ட அதே இரு மலர்களையே பின்னர் பழிக்கிறாள் என்று கொள்வதே பாசுரப் போக்குக்குப் பொருத்தம். பூவையை வேறு மலராக்கினால் அம்முறையீட்டின் சுவை குன்றிவிடும்.

இனி, வடசொல். மஹாபாரதம் சாந்திபர்வத்தில் பீஷ்மர் செய்யும் ஸ்துதியில் வரும் ‘அதஸீ புஷ்பம்’ என்பதற்குக் காயாம்பூ என்று பொருளுரைப்பது நம்மிடையே வழக்கம். ஆனால் அமரகோசம் அதஸிக்குத் தரும் மறுபெயர்கள் உமா, க்ஷுமா என்பன. க்ஷுமையின் நாரால் நெய்தது க்ஷௌமம். எனவே அதஸி நாரும் எண்ணெய்வித்தும் தரும் ஆளிச்செடி. அதன் பூவும் நீலமே. காயாவோ மரம். (காயாவின் இலையிலிருந்து மஞ்சள் சாயம் எடுப்பர். பீஷ்மரும் அதஸியை அடுத்துப் பீதாம்பரத்தையே சொல்கிறார். இது தற்செயல் ஒற்றுமையே, எனினும் இனியது.)

அதஸிக்குக் காயாம்பூ என்று உரைத்த பெரியோர் பிழைத்தார் என்பது நம் கருத்தன்று. நிறத்தை உணர்த்த வந்த இடத்தில், கேட்போர் அறிந்த நீலமலரைக் காட்டினர். அவ்வுரையைத் தலைகீழாகப் பிடித்து, ஆழ்வார்களின் காயாவை ஆளிப்பூ என்று பிறமொழிகளில் பெயர்ப்பதே தவறு. அப்படிப் பெயர்த்தால் ஆண்டாள் மாலிருஞ்சோலையில் வைத்துப் பேசிய காட்டுமலர், வயலில் விதைக்கும் பயிராகிவிடுகிறது.