குலுக்கிக் கேட்ட பிறகே விண்ணுக்கு

பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நின்று சூரியனைக் கவனித்துக்கொண்டிருக்கிறது ஆதித்யா-எல்1 விண்கலம். 2023 செப்டம்பர் 2 அன்று புறப்பட்டு, 2024 ஜனவரி 6 அன்று அந்த இடத்தை அடைந்தது. அதன் திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி, தென்காசி மாவட்டத்தின் செங்கோட்டையில் பிறந்தவர். திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் படித்தவர்.

அவ்வளவு தொலைவில் ஒரு கப்பாசிட்டர் வெடித்தால் மாற்றிப்போட ஆள் போக முடியாது. ஆகவே விண்கலத்துக்கான மின்னணுப் பாகங்களைத் தேர்வு செய்வது தனித் துறையாகவே வளர்ந்திருக்கிறது.

ஒரே தொகுதியில் தயாரான பாகங்களில் சிலவற்றை அறுத்துத் திறந்து, உள்ளே குறை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மற்றவற்றைச் சுமார் 125 டிகிரி செல்சியஸ் சூட்டில், மின்சாரம் பாயவிட்டு நாள்கணக்கில் ஓட வைப்பார்கள். பலவீனமானவை தரையிலேயே செத்துவிடும். உலோக உறைக்குள் மூடிய சிப்புகளைக் குலுக்கி, உள்ளே ஏதாவது உருளும் சத்தம் வருகிறதா என்று கருவி வைத்துக் கேட்பதும் உண்டு. எடையற்ற வெளியில் ஒரு துளி ஈயப்பொடி மிதந்து இரண்டு கம்பிகளைத் தொட்டாலே ஷார்ட் சர்க்யூட்தான். தேறிய பாகத்தையும் அதன் முழுத் திறனுக்கு ஓட்டுவதில்லை. தாங்கும் அளவுக்குக் கீழேயே வேலை கொடுப்பார்கள்.

கதிர்வீச்சு இன்னொரு எதிரி. வேகமாக வரும் ஒரு அயனி, நினைவகத்தில் 0-ஐ 1 ஆக்கிவிடும். சில சமயம் சிப்பையே எரித்துவிடும். 2011 நவம்பரில் ரஷ்யா ஏவிய போபோஸ்-கிரண்ட் விண்கலம், பூமியின் சுற்றுப்பாதையை விட்டே நகராமல் 2012 ஜனவரியில் விழுந்தது. விண்வெளிக்குத் தகுதி பெறாத நினைவகச் சிப்புகளைக் கதிர்வீச்சு தாக்கியதே காரணமாகலாம் என்றது ரஷ்ய விசாரணைக் குழு. உலோகமே வினையாவதும் உண்டு. சுத்த வெள்ளீயப் பூச்சிலிருந்து மயிரிழை போன்ற கம்பிகள் தானாக முளைக்கும். 1998 மே மாதம் கேலக்ஸி-4 செயற்கைக்கோள் செயலிழந்து, அமெரிக்காவில் கோடிக்கணக்கான பேஜர்கள் ஊமையானதற்கு அந்த இழைகளையே காரணமாகச் சொல்கிறார்கள்.

வெளிநாட்டுச் சிப்புகளை நம்பியிருந்தால் தரமும் கிடைப்பதும் பிறர் கையில். இஸ்ரோவின் ராக்கெட்டுகளில் 2009 முதல் உள்நாட்டு 16 பிட் ‘விக்ரம்-1601’ சிப் பயன்படுகிறது. விக்ரம் சாராபாய் விண்வெளி மையமும் சண்டிகரின் செமிகண்டக்டர் ஆய்வகமும் சேர்ந்து உருவாக்கிய 32 பிட் ‘விக்ரம்-3201’, 2025 மார்ச்சில் இஸ்ரோவிடம் ஒப்படைக்கப்பட்டது. அதன் முதல் தொகுதி சிப்புகள், அதற்கு முன்பே பிஎஸ்எல்வி-சி60 பயணத்தில் விண்வெளிக்குப் போய்ச் சோதனையில் தேறியிருந்தன.