உங்களுக்குத் தெரியுமா? பாம்புக்கடி

● நம் இரும்பை கிராமத்து மல்லாட்டைக் கொல்லையில் பாம்பு கடித்தாலும் மராட்டியக் கரும்புத் தோட்டத்தில் கடித்தாலும் ஏற்றுவது ஒரே மருந்துதான். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தையும் குதிரைக்குச் சிறுகச் சிறுகச் செலுத்தி, அதன் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்தெடுக்கிறார்கள். ஆகவே பாம்பை அடித்துப் பையில் போட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வர வேண்டியதில்லை. அந்த நேரத்தில் 108-ஐக் கூப்பிடலாம்.

● அந்த விஷத்தில் பெரும்பங்கை எடுத்துக் கொடுப்பவர்கள் நம் இருளர்கள். 1972-இன் வனவிலங்குச் சட்டத்தால் பாம்புத்தோல் வியாபாரம் நின்று அவர்கள் பிழைப்பு போனது. பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் முன்னின்று 1978-இல் அவர்களுக்குக் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. இடம், மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலி. பிடித்த பாம்பை மண்பானையில் வைத்து, பானையின் வாயைத் துணியால் கட்டி, சில வாரங்களில் நான்கு முறை விஷம் எடுத்துவிட்டுக் காட்டிலேயே விடுகிறார்கள். சங்கத்தின் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரும் 2017-இல் மலைப்பாம்பு பிடிக்க அமெரிக்காவின் புளோரிடா வரை போனார்கள். பத்மஸ்ரீ வந்தது 2023-இல்தான்!

● கட்டுவிரியன் கடி பலருக்கு வலிப்பதே இல்லை. தரையில் படுத்தவர் விடிகாலை வயிற்றுவலியோடு எழுவார். பிறகு இமை கனத்துச் சரியும், விழுங்க முடியாது, மூச்சுத் திணறும். நரம்பு நுனி பழுதான பிறகு மருந்து அதைச் சரிசெய்யாது. நரம்பு தேறும்வரை வென்டிலேட்டர்தான் மூச்சு. பாயை விட்டுக் கட்டிலில், கொசுவலைக்குள் படுத்தால் பாதி ஆபத்து போயிற்று.

● கண்ணாடி விரியன் கடித்தால் இரத்தம் உறையாது, சிறுநீரகம் கெடும். அதற்கான பரிசோதனை மிக எளிது: சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி இரத்தம், 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்ப்பது. அப்போதும் நீராக ஓடினால் மருந்து ஏற்ற வேண்டும். பிளாஸ்டிக் குழாய் உதவாது.

● மருந்து வழக்கமாக முதலில் 8 முதல் 10 குப்பி. குழந்தைக்கும் அதே அளவுதான். ஆளைப் பார்த்துப் பாம்பு விஷத்தைக் குறைப்பதில்லையே! ஒவ்வாமை வரலாம் என்பதால் அட்ரினலின் ஊசி பக்கத்திலேயே தயாராக இருக்கும். கடித்த இடத்தை இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது.

● பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய் என்று தமிழ்நாடு 2024-இல் அறிவித்தது.

● இரும்பைக்குக் கிழக்கே சற்றுத் தள்ளிக் கடல். வலையில் சிக்கும் கடல் பாம்பின் விஷம் தசையைச் சிதைக்கும், சிறுநீர் கருக்கும். நான்கு பாம்புக்கான நம் மருந்தில் இதற்கு முறிவு இல்லை. மீனவருக்குக் கிடைப்பது டயாலிசிஸும் வென்டிலேட்டரும்தான்.