காந்தம் கட்டினால் தசை வளராது

தாமதமாக வருகிறவர்கள்

நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ முடியவில்லை, படியேறினால் தொடை தளர்ந்துவிடுகிறது என்று வரும் முதியவர்களில் பலர், தொல்லை தொடங்கி ஆறு மாதம், ஒரு வருடம் கழித்தே மருத்துவரிடம் வருகிறார்கள். அதுவரை என்ன செய்தீர்கள் என்று கேட்டால் காந்த பெல்ட், காந்த வளையல், காந்தப் படுக்கை என்று பட்டியல் நீள்கிறது. பிள்ளைகள் அன்போடு வாங்கிக் கொடுத்தவை, ஓய்வூதியப் பணத்தில் தவணை கட்டி வாங்கியவை. அவற்றை நம்பி நடையைக் குறைத்துக்கொண்டு படுத்திருந்த மாதங்களில் இருந்த தசையும் கரைந்துபோகிறது. காந்தத்தால் கெடுதல் இல்லையே என்பவர்களுக்கு என் பதில் இதுதான்: கெடுதல் அந்தக் காத்திருப்பில் இருக்கிறது.

இரத்தத்தில் இரும்பு இருக்கிறதே?

விற்பவர்கள் சொல்லும் முதல் காரணம் இது. இரத்தத்தில் இரும்புச்சத்து உண்டு, காந்தம் அதை இழுக்கும், இரத்த ஓட்டம் கூடித் தசை ஊட்டம் பெறும் என்கிறார்கள். ஹீமோகுளோபினில் பிணைந்திருக்கும் இரும்பு, ஆணியில் இருக்கும் இரும்பைப்போல் நடந்துகொள்வதில்லை. ஆக்சிஜன் ஏற்றிய இரத்தத்தைக் காந்தம் மிக மெல்லத் தள்ளத்தான் செய்கிறது. 1.5 அல்லது 3 டெஸ்லா வலிமையுள்ள எம்.ஆர்.ஐ. கருவிக்குள் அரை மணி நேரம் படுத்திருப்பவரின் இரத்தமே ஓரிடத்தில் போய்த் தேங்குவதில்லை. அதைவிடப் பல மடங்கு வலுக்குறைந்த பெல்ட் காந்தம், அதுவும் துணியையும் தோலையும் கொழுப்பையும் தாண்டி என்ன செய்துவிட முடியும்?

"போட்டதும் வலி குறைந்ததே" என்பது அடுத்த வாதம். அந்த அனுபவம் பொய்யில்லை. ஆனால் தசைவலி தானாகவே ஏறி இறங்கும். பெல்ட்டின் இறுக்கமும் கதகதப்பும் இதம் தரும், நம்பிக்கையும் தரும். அமெரிக்காவில் 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், குதிகால் வலியுள்ள 101 பேரில் ஒரு பகுதியினருக்குக் காந்தம் வைத்த உள்ளங்கால் பட்டையும், மற்றவர்களுக்குக் காந்தமில்லாத அதே போன்ற பட்டையும் கொடுத்தார்கள். எட்டு வாரத்தில் இரு பக்கமும் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு வலி பெரும்பாலும் நீங்கியிருந்தது. குறைத்தது காந்தமல்ல என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

மருத்துவமனைக் கருவி வேறு

"அப்படியானால் மருத்துவமனைகளில் காந்த சிகிச்சை தருவது ஏன்?" இது நியாயமான கேள்வி. 1831-இல் மைக்கேல் ஃபாரடே காட்டியபடி, மாறிக்கொண்டேயிருக்கும் காந்தப்புலம் மின்னோட்டத்தைத் தூண்டும். ஒரு டெஸ்லாவும் அதற்கு மேலும் வலிமையுள்ள புலத்தை நொடிக்குப் பல முறை துடிக்க வைத்தால், தோலுக்கடியில் உள்ள நரம்பு தூண்டப்பட்டுத் தசை சுருங்கும். சிறுநீர்க் கசிவுக்காக இடுப்புத்தளத் தசையைப் பயிற்றுவிக்கும் நாற்காலியும், வயிற்றுத் தசையை இறுக்கும் கருவியும் இந்த முறையில்தான் வேலை செய்கின்றன. அங்கே தசையை வலுவாக்குவது அந்தச் சுருக்கம், அதாவது உழைப்பு. அசையாமல் ஒட்டியிருக்கும் காந்தம் மின்னோட்டத்தையும் தூண்டாது, தசையையும் சுருக்காது. கூடாத எலும்பு முறிவுக்குத் துடிப்புக் காந்தப்புலத்தை அமெரிக்கா 1979-இல் அனுமதித்ததைக் காட்டிப் படுக்கை விற்பது ஏமாற்று வேலை.

மிக மெல்லிய துடிப்புகளே தசைச் செல்லின் ஆற்றல் உற்பத்தியைத் தூண்டுகின்றனவா என்று சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆராய்கிறார்கள். முழங்கால் தசைநார் அறுவை செய்துகொண்ட சிலரிடம் நடந்த முன்னோட்டச் சோதனை நம்பிக்கை தருகிறது. ஆனால் கலந்துகொண்டவர்கள் 20 பேர். அதை வைத்து உடற்பயிற்சியை விட்டுவிடச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. பேஸ்மேக்கர் வைத்தவர்கள் எந்தக் காந்தப் பொருளையும் நெஞ்சருகே கொண்டுபோகவே கூடாது.

தளர்ச்சிக்குப் பின்னால் நோய் இருக்கலாம்

தைராய்டு குறைபாடு, வைட்டமின் டி பற்றாக்குறை, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை, சர்க்கரையால் வரும் நரம்புச் சேதம் என்று தசைத் தளர்ச்சிக்குக் காரணங்கள் பல. இவற்றில் பலவற்றைச் சரிசெய்யலாம். சில நாட்களிலேயே தளர்ச்சி காலிலிருந்து மேலேறினால் அது கில்லன் பாரே நோயாக இருக்கலாம், மூச்சையே முடக்கும். தளர்ச்சியோடு சிறுநீர் அடைத்தால் தண்டுவடம் நசுங்குகிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். இந்த இரண்டிலும் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். மற்றபடி, காரணத்தைக் கண்டுபிடிக்கப் பெரும்பாலும் சில இரத்தப் பரிசோதனைகளும், தேவைப்பட்டால் நரம்புப் பரிசோதனையும் போதும்.

தயவுசெய்து எழுந்திருங்கள்

பாஸ்டன் முதியோர் இல்லமொன்றில், சராசரியாக 90 வயதானவர்களுக்கு எட்டு வாரம் எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியதாக 1990-இல் வெளியிட்டார்கள். தொடைத் தசையும் பருத்தது. எந்தக் காந்தமும் இதற்குக் கிட்டே வந்ததில்லை. எழுபதைத் தாண்டிவிட்டோம், இனி என்ன பயிற்சி என்று சொல்லாதீர்கள். கெட்டியான நாற்காலியைச் சுவரோரம் போட்டு, முடிந்த அளவு உட்கார்ந்து எழுங்கள். இதயநோய் இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். பருப்பு, முட்டை, பால், மீன் என்று புரதம் ஒவ்வொரு வேளையும் தட்டில் இருக்கட்டும். பெற்றோருக்கு ஏதாவது செய்ய நினைக்கும் பிள்ளைகளே, காந்தப் படுக்கைக்கு எடுத்துவைத்த பணத்தை ஒரு பிசியோதெரபிஸ்ட்டுக்குக் கொடுங்கள், மாலையில் அவர்களோடு நடந்துவிட்டு வாருங்கள்.