மூக்கு நிமிர ஒரு போல்ட்!

1968-ம் வருட மாடலாக அமெரிக்காவில் 'ரோடு ரன்னர்' என்றொரு காரை விட்டார்கள் பிளிமத் கம்பெனிக்காரர்கள். கார்ட்டூன் பறவையின் பெயர். அதற்காக வார்னர் பிரதர்ஸுக்குக் கொடுத்தது 50,000 டாலர். ஹாரன்கூட அந்தப் பறவை மாதிரியே 'பீப் பீப்'! பானெட்டுக்குள் 383 கன அங்குல வி-8 எஞ்சின், 335 குதிரை சக்தி. 2001-ல் பிளிமத் என்ற பெயருக்கே மூடுவிழா நடந்துவிட்டது. காருக்கு மட்டும் மவுசு குறையவில்லை.

ஆனால் வயசானால் யாருக்குத்தான் தளராது? இதற்கு மூக்கு தொங்கும்.

அதே காலத்து மஸ்டாங், கமாரோ என்றால் காயில் ஸ்பிரிங்கைக் கழற்றி மாற்ற வேண்டும். பெண்டு நிமிர்ந்துவிடும். பிளிமத்தைப் பெற்ற கிரைஸ்லர் 1957-லேயே ரூட்டை மாற்றிவிட்டது. முன்பக்கம் சுருளே கிடையாது. பக்கத்துக்கு ஒன்றாக நீளமான எஃகுக் கம்பி. பெயர் டார்ஷன் பார்.

உங்கள் ஆபீஸ் பிளாஸ்டிக் ஸ்கேலை இரண்டு கையாலும் பிடித்து லேசாக முறுக்கிப் பாருங்கள். விட்டால் 'வெடுக்'கென்று திரும்புகிறதல்லவா? அந்த முறைப்புதான் காரையே தாங்குகிறது! கம்பியின் பின்முனை சேஸிஸில் அசையாமல் நிற்கும். முன்முனை கீழ் கன்ட்ரோல் ஆர்மில். அங்கே ஒரு போல்ட். இறுக்கினால் மூக்கு ஏறும், தளர்த்தினால் இறங்கும். அவ்வளவுதான் சூட்சுமம்!

சமதளத்தில் காரை நிறுத்துங்கள். டயரில் சரியான காற்று, டாங்க் நிறைய பெட்ரோல். முன் பம்பரை நாலு தடவை அமுக்கிக் குலுக்கிவிட்டு அளவெடுங்கள். கீழ் பால் ஜாயின்ட்டின் அடியிலிருந்து தரைக்கு ஓர் அளவு. ஆர்மின் உள்முனை அடியிலிருந்து தரைக்கு இன்னொன்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கணக்கு. ஃபெண்டரை அளந்தால் டயர் மாற்றினாலே கணக்கு உதைக்கும்.

பிறகு ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, போல்ட்டைத் திருப்பலாம். (வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுப்பவர், எல்.ஐ.சி. பிரீமியம் கட்டியாச்சா என்று பார்த்துக்கொள்ளவும்!) இறக்கி, குலுக்கி, மறுபடி அளக்க வேண்டும். இடதுக்கும் வலதுக்கும் வித்தியாசம் எட்டில் ஒரு பங்கு அங்குலத்தைத் தாண்டக் கூடாது. (அரசியலில் நடக்குமா இது?)

சில இளவட்டங்கள் ரேஸ் கார் மாதிரி தெரியட்டுமே என்று மூக்கை ஒரேயடியாக இறக்கிவிடுவார்கள். ஆபத்து சார்! ஆர்ம் போய் ரப்பர் ஸ்டாப்பரில் உட்கார்ந்துகொள்ளும். பள்ளத்தில் விழுந்தால் 'டமால்'. சஸ்பென்ஷன் இருந்தும் இல்லாத கதை.

இன்னொன்று, பின்முனை பொருந்தியிருக்கும் குறுக்குச் சட்டம் துருப்பிடித்திருந்தால் போல்ட்டில் கையே வைக்காதீர்கள். முறுக்கிய கம்பி அதைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடலாம். கம்பியில் சுத்தியல் காயம் பட்டாலும் ஒருநாள் அந்த இடத்தில் முறியும்.

உயரம் மாறினால் கேம்பர், காஸ்டர், டோ மூன்றும் மாறும். எனவே வீல் அலைன்மென்ட் கட்டாயம். அதில் கஞ்சத்தனம் பார்த்தால் ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கும், புது டயர் ஓரம் தேயும்.

மூக்கு நிமிர்ந்தால் மட்டும் போதுமா? நடையும் நேராக இருக்கணுமே!