கெண்டை சிதறினால் விரால் இருக்குமா?

தாம்பரம் தாண்டிச் செங்கல்பட்டு வரை ரயில் பாதையின் இரு பக்கமும் ஏரிகள்தான். ஊரப்பாக்கம், நந்திவரம், பொத்தேரி, கடைசியில் கொளவாய். பழைய செங்கல்பட்டு ஜில்லாவை ஏரி மாவட்டம் என்றே சொல்வார்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, கலங்கலில் தண்ணீர் வழிவது நின்று, கலங்கிய நீர் தெளிய ஆரம்பிக்கும் தை, மாசியில் இந்தக் கரைகளில் தூண்டில்காரர்கள் கூடுவார்கள். மூங்கில் கழியும் தங்கூஸும் மண்புழுவும் வைத்திருப்பவர் கெண்டைக்கும் சிலேபிக்கும் உட்காருவார். ரீல் வைத்த கம்பும் ரப்பர் தவளையும் கொண்டுவரும் கல்லூரிப் பையன்கள் விராலுக்காக நிற்பார்கள்.

விராலுக்கு நிற்பவர் கண்ணில் விரால் படுவது அபூர்வம். இருண்ட முதுகும் அசையாத உடம்புமாக வேலம்பாசிக்குள் கிடந்து, இரை பக்கத்தில் வந்த பிறகே பாயும் மீன் அது. வெளியே தெரிவதெல்லாம் அதன் இரையான பொடிமீன்களின் நடமாட்டம் மட்டும். அமெரிக்காவில் பாஸ் மீன் பிடிப்பவர்களுக்கும் இதே கதைதான். ஷாட் என்ற வெள்ளிநிறப் பொடிமீன் எங்கே திரண்டிருக்கிறது என்று படகில் சோனார் கருவி வைத்துத் தேடுவார்கள். முழங்கால் ஆழத்திலும் பாசி மண்டிய நம் ஏரி ஓரத்தில் சோனாருக்கு வேலை இல்லை. கண்ணும் காதும் வேண்டும். கொஞ்சம் சந்தேக புத்தியும் வேண்டும். ஏனென்றால் பொடிமீன் மேலே வருவதற்கு விரால் ஒன்றே காரணம் இல்லை.

“அண்ணே, அங்க பாருங்க, கெண்ட தெறிக்குது!”

“அவசரப்படாத தம்பி. அது நீர்க்காகம். கொஞ்ச நேரத்துல தலய நீட்டும் பாரு.”

இந்த உரையாடலைக் கேட்காத ஏரிக்கரை இருக்காது. அண்ணன் எதை வைத்துச் சொன்னார்? சிதறல் எப்படி நகர்ந்தது என்பதை வைத்து. நீர்க்காகம் தண்ணீருக்குள் துரத்திக்கொண்டே போகும். அதனால் கெண்டைகள் ஓரிடத்தில் தெறித்து, அடுத்த நொடி நாலு முழம் தள்ளித் தெறித்து, அதையும் தாண்டித் தெறிக்கும். விரால் துரத்தாது. பாசி ஓரத்தில் ஒரே இடத்தில் ஒரே வெடிப்பு, கூடவே ‘டப்’ என்று ஒரு சத்தம், அப்புறம் அமைதி.

அந்த ஒற்றை வெடிப்பையும் உற்றுப் பார்க்க வேண்டும். மீனின் பின்மூளையில் மவுத்னர் செல்கள் என்று ஒரு ஜோடி ராட்சத நரம்புச் செல்கள் இருக்கின்றன. இடது பக்கம் தண்ணீர் திடீரென்று அதிர்ந்தால் இடது செல் தூண்டப்படும். அதன் நரம்பு இழை குறுக்கே கடந்து வலது பக்கத் தசைகளுக்குப் போகிறது. ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு விநாடியில் உடம்பு வலப்புறம் வளையத் தொடங்கி, தலை ஆபத்துக்கு எதிர்த்திசையில் திரும்பிவிடும். யோசித்து எடுக்கும் முடிவு இல்லை இது. யோசிக்க நேரமும் கிடையாது. கூட்டத்தில் உள்ள கெண்டைகள் எல்லாம் இப்படி ஒரே சமயத்தில் திரும்புவதால் சிதறல் விசிறி வடிவத்தில் விரிகிறது. விசிறியின் காம்பு எங்கே இருக்கிறதோ, அங்கேதான் பாய்ந்தவன் இருக்கிறான். புதியவர்கள் மீன்கள் போய் விழுந்த இடத்தில் தூண்டிலைப் போடுவார்கள். விரால் இருப்பதோ அதற்கு நேர் பின்னால்.

காம்பு கரைப்பக்கம் இருந்தால்? பெரும்பாலும் அது நீங்களேதான். மாலை வெயில் முதுகில் அடிக்க நின்றால் உங்கள் நிழல் தண்ணீரில் நீளும். கை அசைந்தாலே போதும், கெண்டை தெறிக்கும். நிழல் விழாவிட்டாலும் மீனுக்கு ஆள் தெரியும். ஒளி நீருக்குள் நுழையும்போது வளைவதால், கரையும் மரமும் வானமும் மீனின் தலைக்கு மேலே சுமார் 97 பாகை அகலமுள்ள ஒரு வட்டத்துக்குள் அடங்கிவிடுகின்றன. குனிந்து நின்றால் அந்த வட்டத்தின் விளிம்பில் நசுங்கிப்போவீர்கள். பழைய கைகள் குந்தி உட்கார்ந்தே தூண்டில் போடுவது சோம்பலால் அல்ல.

விடியற்காலையில் இன்னொரு ஏமாற்று நடக்கும். ஏரி முழுக்க சின்னச் சின்ன வளையங்கள், நீர்மட்டத்தில் ஆயிரம் வாய்கள். மீன் கொட்டிக் கிடக்கிறது என்று மனசு துள்ளும். ஆனால் ஒன்றும் கடிக்காது. பகலில் ஆக்சிஜனைக் கொடுத்த பாசியும் ஆல்காவும் இரவில் அதையே சுவாசித்துத் தீர்க்கின்றன. சாக்கடை கலக்கும் ஏரியென்றால் கழிவை மட்கச்செய்யும் பாக்டீரியாவும் பங்கு கேட்கும். விடியும் முன் ஆக்சிஜன் அடிமட்டத்துக்கு இறங்கிவிடுகிறது. காற்றைத் தொடும் மேல்படலத்தில் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருப்பதால் கெண்டையும் சிலேபியும் வாயை அங்கே வைத்து மூச்சுக்குத் தவிக்கின்றன. மூச்சுக்குத் தவிக்கும் மீனுக்குப் பசி இருக்காது. விராலுக்கு இந்தக் கஷ்டம் கிடையாது. செவுளுக்கு மேலே உள்ள அறையில் காற்றையே நேராக வாங்கி சுவாசிக்கும் மீன் அது. மேலே வர விடாமல் தடுத்தால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுத் திணறிச் செத்துப்போகும். அவ்வப்போது ‘ப்ளக்’ என்று ஒற்றைக் குமிழோடு அது புரண்டு இறங்குவதை இரை அடித்த சத்தமாக எடுத்துக்கொண்டு ஏமாந்தவர்கள் ஏராளம்.

என்னைக் கேட்டால், தெறிக்கும் கெண்டையை விடத் தெறிக்காத கெண்டைதான் நல்ல துப்பு. சாயங்காலம் கொசுவும் சிறுபூச்சியும் நீர்மட்டத்துக்கு வரும் நேரத்தில் கெண்டைகள் தள்ளித்தள்ளி நின்று நிதானமாகக் கொறிக்கும். அப்போது பக்கத்தில் ஆபத்து எதையும் அவை உணரவில்லை என்று பொருள். திடீரென்று கொறிப்பது நின்று, கூட்டம் இறுகி, ஓர ஆழத்தில் அசையாமல் நின்றால், எதையோ கண்டுவிட்டன. ஒவ்வொரு மீனும் இன்னொரு மீனைத் தனக்கும் ஆபத்துக்கும் நடுவே நிறுத்தப் பார்ப்பதால்தான் கூட்டம் இறுகுகிறது என்று டபிள்யூ. டி. ஹாமில்டன் 1971-இல் கணக்குப் போட்டுக் காட்டினார். சுயநலத்தில் பிறந்த ஒற்றுமை! 1974-இல் நீல், கல்லன் என்ற இருவர் கணவாய், பைக், பெர்ச் போன்ற வேட்டையாடிகளை வைத்துச் சோதித்தபோது, இரைக் கூட்டம் பெருகப் பெருக அவற்றின் தாக்குதல் தோற்பது அதிகமானது. எதைக் குறிவைப்பது என்று குழம்பிவிடுகின்றன. ஆகவே கூட்டத்தின் நடுவில் தூண்டிலைப் போட்டுப் பயனில்லை. விளிம்பில், தனித்துப்போன ஒரு மீனாகத் தெரியும்படி இழுக்க வேண்டும்.

உயிர்க்கெண்டையை இரையாகக் குத்துபவர்கள் இன்னொன்றையும் கவனித்திருப்பார்கள். குத்தும்போது தோல் கிழிந்த கெண்டை தண்ணீரில் இறங்கியதும் சுற்றியிருந்த கூட்டம் காணாமல் போகும். தேனீக்களின் நடனத்தை விளக்கிப் பின்னால் நோபல் பரிசு பெற்ற கார்ல் ஃபான் ஃப்ரிஷ் 1938-இல் கண்டுபிடித்தது இதைத்தான். கெண்டை இனத்தின் தோலில் உள்ள சில செல்கள் கிழிந்தால் ஒரு வேதிப்பொருள் கசிகிறது. அந்த வாடை பட்டதும் மற்றவை பதறி ஓடுகின்றன. கெளுத்திக்கும் இது உண்டு.

காற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது வீசும் திசையில் மிதவை உயிரிகள் ஒதுங்கும், அவற்றைத் தின்னப் பொடிமீன் ஒதுங்கும். எதிர்க்கரைக்கு நடக்கச் சோம்பல்படக் கூடாது, அவ்வளவுதான்.

மழைக்காலத்தை ஒட்டிப் பாசிக்கு நடுவே ஒரு தாம்பாள அகலத்தில் மட்டும் தூறல் விழுவதுபோல் நீர் சிலிர்த்தால், அது இரைமீன் கூட்டமே இல்லை. குனிந்து பார்த்தால் செம்மஞ்சள் நிறத்தில் நூற்றுக்கணக்கான குஞ்சுகள் ஒன்றாக மேலே வந்து இறங்குவது தெரியும். விரால் குஞ்சுகள். அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். ரப்பர் தவளையை அந்தத் திரளுக்குள் போட்டால் பசியே இல்லாவிட்டாலும் விரால் அடிக்கும், குஞ்சை மிரட்ட வந்ததை விரட்டுவதற்காக. இதைவிடச் சுலபமாக விரால் கிடைக்கும் இடம் ஏரியில் இல்லை. வீடியோ எடுத்துப் போடுகிறவர்களுக்கு இதில்தான் குஷி. எனக்கு இது வேட்டையாகத் தோன்றவில்லை. காவல் போன குஞ்சுகளைத் தின்ன முதலில் வருவது, நேற்றுவரை அதே விராலுக்குப் பயந்து தெறித்த கெண்டையும் சிலேபியும். சில வாரம் விட்டுவைத்தால் செம்மஞ்சள் மங்கிக் குஞ்சுகள் கருக்கும், திரள் கலைந்து ஆளுக்கொரு பாசிக்குள் போகும். பெரிய விராலும் காவலை விட்டுவிட்டுக் கெண்டை வேட்டைக்குத் திரும்பும். தூண்டிலை அப்போது எடுத்துக்கொண்டு போகலாம்.