ஆடிக்காற்றும் அரிசிப் பானையும்

ஆடி பிறந்துவிட்டால் கொங்கு நாட்டில் காற்றுக்குப் பஞ்சமில்லை. பல்லடம், உடுமலைப்பேட்டைப் பகுதிகளில் காற்றாலைகள் ஓயாது சுழல்கின்றன. இக்காற்று எங்கிருந்து வருகிறது, இத்தனை காற்றடித்தும் மழை ஏன் பொழியவில்லை என்று நமது பள்ளி மாணாக்கரை வினவினால், விடை கூறுவோர் எத்தனை பேர்? காற்றழுத்தம் என்பதன் இலக்கணத்தை மட்டும் ஓரெழுத்தும் பிசகாமல் ஒப்புவிப்பார்கள். சாட்சிகளை விசாரியாமல் தீர்ப்பை மனனம் செய்வதற்கே இது ஒப்பாகும்.

சாட்சிகளோ நம் வாயிலிலேயே நிற்கின்றன. முதற்சாட்சி அரிசிப் பானை. கடல் மட்டத்தில் 100 டிகிரி வெப்பத்தில் கொதிக்கும் தண்ணீர், சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்து விடுகிறது. அங்கே திறந்த பானையில் சோறு வேகத் தாமதமாவது இதனாலேயாம். உயரம் செல்லச் செல்ல, மேலிருந்து அழுத்தும் காற்றின் பாரம் குறைகிறது என்பதே இதன் காரணம்.

இவ்வொரு விதியே மழையையும் விளக்குகிறது. அரபிக்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையேறுங்கால், அழுத்தம் குறைவதால் விரிகிறது, விரியவே குளிர்கிறது, குளிரவே அதிலுள்ள நீராவி மேகமாகி மழையாய்ப் பெய்கிறது. வால்பாறையை அடுத்த சின்னக்கல்லாற்றில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை உண்டு. மலையைத் தாண்டி இறங்கும் காற்றோ, அழுத்தம் மிகுந்து சுருங்கி, வெப்பமுற்று, வறண்டு விடுகிறது. ஆதலின் கோயமுத்தூர்ச் சமவெளிக்குக் கிடைப்பது 700 மில்லிமீட்டர் அளவே. அதிலும் பெரும் பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகீழ்ப் பருவக்காற்று கொணர்வதாகும்.

இனி, ஆடிக்காற்றின் வேகத்துக்குக் காரணம் யாது? நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்தில் பாலக்காட்டுக் கணவாய் திறந்து கிடக்கிறது. மலைகளால் தடுக்கப்பட்ட காற்று அவ்வழியே நெருங்கிப் புகுகிறது. வாய்க்கால் குறுகுமிடத்தில் நீர் விரைவதை எந்தக் குடியானவர் வீட்டுப் பிள்ளை கண்டதில்லை? காற்றின் வேகம் இரட்டித்தால் அதிலிருந்து பெறக்கூடிய சக்தி எட்டு மடங்காகும். காற்றாலைகள் இவ்விடத்தைத் தேடி வந்ததன் இரகசியம் இதுவே.

பரீட்சைக்கே நேரம் போதவில்லை என்று சிலர் ஆக்ஷேபிக்கலாம். காரணம் அறிந்து கற்ற பாடம் பரீட்சையிலும் கைவிடாது என்பதே நமது விடை. இதற்குப் பெருஞ்செலவும் வேண்டியதில்லை. ஒரு வெப்பமானி, பக்கங்கள் நேராக உள்ள ஒரு பாத்திரம், ஓர் அடிக்கோல், ஒரு நோட்டுப் புத்தகம் இவை போதும். ஒவ்வொரு பள்ளியும் தன் ஊர் மழையைத் தானே அளந்து எழுதிவரட்டும்.

கிணற்றை நம்பி வாழும் நாடு நம் நாடு. வானம் எவ்வளவு தருகிறது, ஏன் அவ்வளவே தருகிறது என்பதை அறியாத சந்ததி, கிடைத்த நீரைப் பேணும் வழியை எங்ஙனம் அறியும்? வருகிற ஆடியிலேனும் உபாத்தியாயர்கள் பாடப்புத்தகத்தைச் சற்றே மூடி வைத்து, பிள்ளைகளை வெளியே அழைத்துச் சென்று, மேற்கு மலையைச் சுட்டிக் காட்டுவார்களாக.